ஃபைபர் லைன் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊருக்குள் ஃபைபர் இணைய இணைப்பு கொடுத்துவரும் கேபிள் ஆபரேட்டர்களுக்கும், ஏணியும் இழை வெட்டும் கிளீவருமாக வீட்டு வாசலில் வந்து நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

இதை எழுதுகிற நாங்கள் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் கணினி வலையமைப்பைப் பராமரிப்பவர்கள். நீங்கள் லைன் கொடுத்துவிட்டுப் போன பிறகு, "நெட் வருது, ஆனா ஒழுங்கா வரல" என்று கூப்பிடுகிறவர்களின் வீட்டுக்குப் போவது எங்கள் பிழைப்பு. உங்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. தமிழ்நாட்டில் தெருத்தெருவாக ஃபைபர் வந்திருக்கிறதென்றால் அதற்கு விளம்பரப் பலகைகளைவிட உங்கள் ஏணிதான் காரணம். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இழையால் இணைக்கும் திட்டத்தை எடுத்திருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை அது வந்துவிடும். அங்கிருந்து ஒரு வீட்டு மேசை வரை உள்ள தூரத்தை இழுக்கப்போவது பெரும்பாலும் உங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

கேட்பது இதுதான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்த வீட்டுக் கணினியில் என்ன வந்து சேர்கிறது என்பதை அளந்து, எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். கூடுதலாக இருபது நிமிடம் ஆகும். மூன்று மாதத்தில் வரப்போகிற நாலு புகார் அழைப்புகளை அந்த இருபது நிமிடம் மிச்சப்படுத்தும்.

முதலில் பவர், அதாவது இழையில் வந்து சேரும் ஒளியின் அளவு. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் லைனில் வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், திரும்பிப் போவது 1310. பி பிளஸ் வகுப்புக் கருவிகளுக்கு வழியில் ஏற்படும் மொத்த ஒளி இழப்பு 28 டிபி (டெசிபெல்) வரை தாங்கும். ஓ.என்.யு. எனும் அந்த வீட்டுப் பெட்டி, -8 டிபிஎம்முக்கும் -27 டிபிஎம்முக்கும் நடுவில் ஒளி கிடைத்தால் வேலை செய்யும் (மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட ஒளி குறைவு). இது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கேள்வி வேறு. அந்த வீட்டுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று லைன் இழுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டீர்களா?

ஒரு சாதாரணக் கணக்கு. உங்கள் அலுவலகத்தில் உள்ள ஓ.எல்.டி. கருவியிலிருந்து +4 டிபிஎம் கிளம்புகிறது. நாலு கிலோமீட்டர் இழை, கிலோமீட்டருக்கு 0.3 வைத்தாலும் 1.2 டிபி. ஒளியைப் பங்கு பிரிக்கும் ஒரு நாலு வழி ஸ்ப்ளிட்டர் 7.2, அதன் கீழே ஓர் எட்டு வழி ஸ்ப்ளிட்டர் 10.5. நாலு கனெக்டர்களுக்குத் தலா 0.3 என்று 1.2. இழையோடு இழையை உருக்கி ஒட்டிய ஆறு ஸ்ப்ளைஸுக்குத் தலா 0.1 என்று 0.6. மொத்தம் 20.7. வீட்டில் -17 சுமாராக வர வேண்டும். மீட்டரில் -24 காட்டினால் பெட்டி ஓடத்தான் செய்யும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் 7 டிபி எங்கேயோ ஒழுகுகிறது. அதாவது வர வேண்டிய ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. "மைனஸ் 27 வரைக்கும் தாங்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போவது அந்த ஒழுகலை மூடிவைப்பது. மழைக்காலத்தில் ஜாயின்ட் பாக்ஸில் ஈரம் இறங்கும், உருக்கி ஒட்டாமல் கையாலேயே மாட்டிய ஃபாஸ்ட் கனெக்டர் வெயிலில் தளரும், இன்னும் 3 டிபி போகும். அன்றைக்கு, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு பெட்டியில் சிவப்பாக மின்னும். பெட்டியைக் குறை சொல்லி மாற்றுவீர்கள். புதுப் பெட்டியும் இரண்டு வாரம் கழித்து அதையே செய்யும்.

மீட்டர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் ஒரே இழையில் 1550-ல் டிவி சிக்னலும் அனுப்புகிறீர்கள். சாதாரணப் பவர் மீட்டருக்கு எந்த அலைநீளம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பொத்தானில் 1490 என்று வைத்தாலும் அது அளவீட்டுத் திருத்தத்தைத்தான் மாற்றுகிறது, உள்ளே வரும் மொத்த ஒளியையும் சேர்த்தே காட்டுகிறது. டிவி ஒளி -6 ஆகவும் இணைய ஒளி -26 ஆகவும் இருக்கும் லைனில் மீட்டர் -6 என்று சிரிக்கும். டிவி ஓடும் லைனுக்கு அலைநீள வடிகட்டி உள்ள பான் பவர் மீட்டர் வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் ஓ.என்.யு.வின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டு மூன்று டிபி முன்பின் காட்டலாம், ஆனால் அது இணைய ஒளியை மட்டுமே காட்டுகிறது. அதே நேரத்தில் ஓ.எல்.டி. பக்கம் அந்தப் பெட்டியிலிருந்து என்ன வருகிறது என்பதையும் அலுவலகத்தில் இருப்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கும் பாதை நன்றாக இருந்து ஏறும் பாதை கெட்டுப்போன லைன்கள் இருக்கின்றன. வீட்டு மீட்டர் அதைக் காட்டாது.

கேபிள் டிவி காலத்திலிருந்து வந்த பழக்கம் ஒன்று, ஒளியை ஒரு விகிதத்தில் இரண்டாகப் பிரிக்கும் கப்ளரைத் தெரு நெடுகப் போட்டுத் தட்டித் தட்டி எடுப்பது. 10-க்கு 90 கப்ளரில் பத்து சதவீத ஒளி வெளியேறும் கால் (முனை) சுமார் 10.5 டிபி தின்னும், தொண்ணூறு சதவீதக் கால் முக்கால் டிபிக்குள் நிற்கும். நீளமான ஒற்றைத் தெருவுக்கு இது நல்ல முறைதான், தவறென்று சொல்லவில்லை. தவறு எங்கே வருகிறதென்றால், தெரு முனையில் புதிதாக ஒரு வீடு சேரும்போது கைக்குக் கிடைத்த 50-க்கு 50 கப்ளரை நடுவில் செருகிவிட்டுப் போவதில். அதற்குக் கீழே உள்ள அத்தனை வீட்டுக்கும் ஒரே நாளில் 3.5 டிபி குறையும். ஏற்கெனவே விளிம்பில் இருந்த கடைசி இரண்டு வீடுகள் விழும். அவர்கள் வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை என்பதால் காரணம் கடைசி வரை பிடிபடாது. எந்த போஸ்ட்டில் எந்த விகிதக் கப்ளர் என்று ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கும் ஆபரேட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுடைய லைன்கள் பற்றி எங்களுக்கு அழைப்பு வருவது குறைவு.

கனெக்டருக்கு வருவோம். பச்சை நிறக் கனெக்டர் ஏ.பி.சி. வகை, நீல நிறம் யு.பி.சி. வகை. பச்சையின் முகம் எட்டு டிகிரி சாய்வாக இழைக்கப்பட்டது, நீலத்தின் முகம் நேரானது. இரண்டும் அடாப்டருக்குள் ஒழுங்காகச் செருகிக்கொள்ளும், "கிளிக்" என்ற சத்தமும் வரும். ஆனால் முகத்தோடு முகம் ஒட்டாது. நடுவில் ஆப்பு வடிவில் காற்று நிற்கும், ஒளி அங்கேயே கணிசமாகப் போகும், திரும்பிப் பிரதிபலிக்கும் ஒளி டிவி சிக்னலையும் கெடுக்கும். கையில் பச்சை பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குட்டி இழை) தீர்ந்துவிட்டது என்று நீலத்தைச் சொருகிவிட்டுப் போன இடங்கள் ஊர் ஊருக்கு உண்டு.

ஒளி போகும் மையம் ஒன்பது மைக்ரான் அகலம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அதை மறைக்கப் போதும். சட்டை நுனியில் துடைப்பதும் வாயால் ஊதுவதும் தூசியை எடுக்காது, எண்ணெயையும் எச்சில் ஈரத்தையும் சேர்க்கும். பஞ்சு உதிராத துடைப்பானும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், அல்லது அழுத்தினால் துடைக்கும் பேனா வடிவக் கிளீனரும் பையில் இருக்கட்டும். பெட்டியோடு வரும் ரப்பர் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். லைனைக் கழற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும் அது தேவை.

ஃபாஸ்ட் கனெக்டர் அவசரத்துக்கு நல்லது, நிரந்தரத்துக்கு அல்ல. கோட்டிங்கை உரித்து 125 மைக்ரான் கண்ணாடியை வெளியே எடுத்து, துடைத்து, கிளீவரில் வெட்டி, உள்ளே தள்ளும்போது பின்னால் இழை லேசாக வில்போல் வளைய வேண்டும். அந்த வளைவு தெரியாவிட்டால் நுனி உள்ளே போய்த் தொடவில்லை என்று பொருள். கிளீவரின் பிளேடு மழுங்கியிருந்தால் வெட்டு கோணலாகும், கனெக்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. உள்ளே இருக்கும் ஜெல் நாளாக நாளாகக் காயும், ஒரு தடவை கழற்றியதைத் திரும்பப் போட்டால் இன்னும் மோசம். ஸ்ப்ளைசிங் மெஷின் ஊரில் ஒன்று இருந்தாலும், வீட்டுச் சுவரில் ஒரு சிறு டெர்மினேஷன் பாக்ஸ் வைத்து ஒரு முனையில் மட்டும் கனெக்டர் உள்ள பிக்டெயிலை அதற்குள் ஸ்ப்ளைஸ் செய்து, சுமார் ஒரு மீட்டர் இழையைச் சுருட்டி விட்டுவிடுங்கள். அங்கிருந்து பெட்டிக்குக் குட்டிப் பேட்ச் கார்டு. குழந்தை இழுத்தாலும் வேலைக்கார அம்மா தூசி தட்டும்போது மாட்டினாலும், போவது அறுபது எழுபது ரூபாய் கார்டு. மொட்டை மாடியிலிருந்து புதிதாக லைன் இழுக்க வேண்டாம்.

வீட்டுக்குள் இழை நுழையும் இடத்தைப் பாருங்கள். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிளில் பளு தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி கூடவே வரும். அதை வெளியே கொக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிட வேண்டும். கண்ணாடி இழைக்கு மின்னல் பயமில்லை. அந்தக் கம்பிக்கு உண்டு. கம்பியோடு சேர்த்துச் சுவருக்குள் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தால், ஃபைபர் போட்டதன் பெரிய நன்மை ஒன்றைக் கையாலேயே கெடுத்ததாகும். சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். துளைக்கு வெளியே கேபிள் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும், மழை நீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும்.

ஜன்னல் கதவிடுக்கில் கேபிளை விட்டுக் கதவைச் சாத்துவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஜி.652டி எனும் சாதாரண வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வளைவு தாங்கும் ஜி.657ஏ2 வகை என்றால் 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். வீட்டுக்குள் ஓட்டுவதற்கு இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும், விலை வித்தியாசம் பெரிதல்ல. மடிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறோம். வளைவில் நீண்ட அலைநீளம்தான் முதலில் கசியும். 1550 முதலில், பிறகு 1490, கடைசியாக 1310. ஆகவே டிவி புள்ளி புள்ளியாக உடைகிறது, இணையம் பரவாயில்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் எங்கோ மடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் சேர்ந்தே மோசம் என்றால் கனெக்டர் அழுக்கையும் ஸ்ப்ளைஸையும் சந்தேகப்படுங்கள். சிவப்பு லேசர் பேனாவை அடித்தால் மடிந்த இடம் ஒளிரும். அதை யார் கண்ணுக்கும் நேராகக் காட்டாதீர்கள். லைனில் ஓடும் 1490-ம் 1550-ம் கண்ணுக்கே தெரியாது என்பதால் கனெக்டர் முனையை உற்றுப்பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

பெட்டியை எங்கே வைப்பது? கேபிள் நுழையும் இடத்துக்கு எது பக்கமோ அங்கே என்பதுதான் இப்போதைய நடைமுறை. பரண், டிவிக்குப் பின்புறம், இரும்பு பீரோவின் தலை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேலே. நம் வீடுகள் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமுமாக இருப்பவை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவர் தாண்டும், இரண்டாவது சுவரில் திணறும், தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவது அதிர்ஷ்டம். பத்து மீட்டர் இழைக்கு ஆகும் இழப்பு ஒரு டிபியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் வாசலில் வந்த இழையை வீட்டின் நடுக்கூடம் வரை, அல்லது கணினி இருக்கும் அறை வரை இழுத்து, பெட்டியை அங்கே வையுங்கள். ஆள் உயரத்தில், திறந்த இடத்தில், காற்றுப்படும்படி. பத்து மீட்டர் டிராப் கேபிளை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு குடும்பத்தை இரண்டு வருடம் 2.4 கிகாஹெர்ட்ஸில் விடுவது நியாயமில்லை.

இனி கணினி. இங்கேதான் உங்கள் வேலை முடிந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள், எங்கள் வேலை தொடங்குகிறது.

மேசைக் கணினியை வைஃபையில் இணைக்க யூ.எஸ்.பி. குச்சி ஒன்றை விற்றுவிட்டுப் போவதை நிறுத்துங்கள். அட்டையில் 150 என்று போட்டிருக்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் காற்றில் ஓடும் கணக்கு, கோப்பு இறங்கும்போது கைக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் கீழே. நகராத கணினிக்கு லேன் கேபிள் போடுங்கள். கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் கொண்டுபோகும். ஆனால் செம்பாக இருக்க வேண்டும். சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இரண்டு முறை வளைத்தால் ஒடியும், கிரிம்ப் செய்த இடம் நம் கடலோர ஊர்க் காற்றில் சீக்கிரம் துருவேறும்.

நிற வரிசை உங்களுக்கு மனப்பாடம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் ஒரே வரிசை. சிலர் பச்சையைப் பச்சைக்குப் பக்கத்திலேயே வைத்து ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறார்கள். இரு முனையிலும் அதே மாதிரி செய்தால் எட்டு விளக்கு டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரியும், சரி என்றே தோன்றும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இல்லாததால் சிக்னல் ஒன்றோடொன்று கலக்கும். இரண்டு மீட்டர் கேபிளில் தெரியாது. இருபது மீட்டரில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். விளக்கு டெஸ்டர் இந்தப் பிழையைக் காட்டவே காட்டாது.

100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை என்றால் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர் 94 வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த 94 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வேகச் சோதனையில் 93, 94 என்று ஒட்டுப்போட்டதுபோல் நின்றால், எங்கேயோ ஒரு 100 எம்பிபிஎஸ் முடிச்சு இருக்கிறது: கம்பி, கணினியின் பழைய லேன் கார்டு, நடுவில் இருக்கும் ஸ்விட்ச், அல்லது உங்கள் பெட்டியின் போர்ட். பல ஓ.என்.யு.க்களில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100. வேகம் வேண்டிய கணினியை அந்த ஒன்றில் செருகுங்கள். விண்டோஸில் ஈதர்நெட் விவரங்களைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000 என்றோ 100 என்றோ எழுதியிருக்கும். வேகச் சோதனைக்கு முன் அதைப் பாருங்கள். 100-க்கு மேற்பட்ட திட்டத்தை விற்றுவிட்டு எல்லாப் போர்ட்டும் 100 ஆக உள்ள பெட்டியைக் கொடுப்பதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

நூறு எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட். கோப்பு இறங்கும்போது கணினி மெகாபைட்டில் காட்டுவதைப் பார்த்து "நூறு சொன்னாங்க, பன்னெண்டுதான் வருது" என்று கோபப்படுகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெட்டியின் அமைப்பு. ஒரு வீட்டில் இரண்டு மூன்று கணினிகள், ஏற்கெனவே வாங்கிய ரவுட்டர் ஒன்று, புதிதாக நீங்கள் கொடுக்கும் ஓ.என்.யு. எது டயல் செய்வது, அதாவது பயனர் பெயரைக் கொடுத்து இணையத்தில் நுழைவது? இரண்டில் ஒன்றுதான். ஓ.என்.யு.வையே ரவுட்டராக ஓடவிடும் ரூட் மோடில் வைத்து, அதில் பி.பி.பி.ஓ.இ. எனும் நுழைவு முறைக்கான பயனர் பெயரையும், உங்கள் வலையமைப்பைப் பிரித்துக்காட்டும் வி.லேன் எண்ணையும் போட்டால், வீட்டு ரவுட்டரை வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றுங்கள். அல்லது ஓ.என்.யு.வை வெறுமனே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் வைத்து ரவுட்டரை டயல் செய்ய விடுங்கள். இரண்டையும் ரவுட்டராகவே விட்டால் வைஃபை ஒரு வலையமைப்பு, லேன் ஒரு வலையமைப்பு என்று வீடு இரண்டாகப் பிரியும். மடிக்கணினியிலிருந்து பிரின்டர் தெரியாது. இரண்டு பெட்டியும் 192.168.1.1 ஆக இருந்துவிட்டால் இணையமே வராது. அப்போது ரவுட்டரின் உள்முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் வரும், ஆனாலும் அது ஒட்டுவேலைதான். பிரிட்ஜில் விட்டு நேராக ஒரு கணினியில் டயலர் போட்டுக் கொடுப்பது பழைய முறை. அந்தக் கணினி ஒன்றுக்குத்தான் இணையம், மற்றவை வேடிக்கை பார்க்கும்.

பி.பி.பி.ஓ.இ. எட்டு பைட்டை எடுத்துக்கொள்வதால் எம்.டி.யு., அதாவது ஒரே பொதியில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு, 1492 பைட். ரவுட்டரில் 1500 என்று விட்டுவிட்டால் ஒரு விசித்திரமான புகார் வரும்: சில தளங்கள் பறக்கும், சில தளங்கள் பாதியில் நிற்கும், அலுவலக வி.பி.என். இணைந்தும் எதுவும் திறக்காது. சோதனை எளிது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட் பிங் (சோதனைப் பொதி) அனுப்பினால் போக வேண்டும், 1465 அனுப்பினால் போகக் கூடாது. 1464-ம் போகவில்லையென்றால் எம்.டி.யு.வை இன்னும் குறைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கோ கேமரா ரெக்கார்டருக்கோ நேரடியாக வர வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், விற்பதற்கு முன்பே உண்மையைச் சொல்லுங்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது பலர் பகிர்ந்துகொள்ளும் முகவரி. வீட்டு ரவுட்டரில் வெளியிலிருந்து வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை போட்டாலும் கதவு திறக்காது. நிலையான ஐ.பி. வாங்கித் தர வேண்டும், அல்லது புது வகை முகவரியான ஐ.பி.வி.6 கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரை ஒரு வாரம் ரவுட்டரோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டுப் பிறகு சொல்வது முறையல்ல.

கடவுச்சொல் விஷயத்தில் உங்கள் வசதிக்காக ஊர் முழுவதுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதையும், பெட்டியின் அமைப்புப் பக்கத்தை வெளியிலிருந்து திறக்கும்படி விடுவதையும் கைவிடுங்கள். ஒரு வீட்டுப் பையனுக்கு அது தெரிந்தால் தெரு முழுவதுக்கும் தெரிந்த மாதிரி. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைப்பதும் அப்படித்தான்.

மின்வெட்டைப் பற்றி. போஸ்ட்டில் ஸ்விட்ச் வைத்து லேன் கேபிளில் இணையம் கொடுத்த காலத்தில் தெருவில் கரண்ட் போனால் எல்லாம் போகும். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் ஓ.எல்.டி.க்குப் பேட்டரி இருந்து, வீட்டில் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். இருந்தால் மின்வெட்டிலும் மடிக்கணினியில் வேலை நடக்கும். இதை நீங்களே எடுத்துச் சொல்லி விற்கலாம். வோல்ட்டேஜும் பின் அளவும் பார்த்துக் கொடுங்கள். 5.5 மில்லிமீட்டர் பின்னில் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. மாறிப்போனால் ஆடிக்கொண்டே இருக்கும், பெட்டி தானாக அணைந்து எழும், அதையும் லைன் ஃபால்ட் என்றே எழுதுவீர்கள்.

புகார் வந்தால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதற்கு முன் எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று கேளுங்கள். எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் ஒளி வரவில்லை, ஆள் அனுப்புங்கள். எல்.ஓ.எஸ். அணைந்து, ஓ.எல்.டி.யில் பதிவானதைக் காட்டும் பான் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஓ.எல்.டி.யில் பதிவாகவில்லை. சீரியல் எண் ஏற்றப்படாமல் இருக்கலாம், அல்லது ஏறும் பாதை பலவீனம். தெருவில் பல வீடுகள் ஒன்றாக இப்படி மின்னினால் ஏதோ ஒரு வீட்டுப் பெட்டி, தன் முறை வராமலே ஒளியைக் கக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு காலாகக் கழற்றிப் பார்த்தால் பிடிபடும். இழையை லேன் கேபிளுக்கு மாற்றும் பழைய மீடியா கன்வெர்ட்டரை யாரோ தவறி அந்த லைனில் செருகியிருந்தாலும் இதே கதைதான். பான் நிலையாக எரிந்து இணையம் மட்டும் இல்லையென்றால் பயனர் கணக்கையோ வி.லேனையோ பாருங்கள், ஏணி தேவையில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் வேகம் குறைகிறது என்ற புகாருக்கு வீட்டில் விடை கிடைக்காது. ஒரு ஜிபான் போர்ட்டின் இறங்கு வேகம் 2.488 கிகாபிட். 64 வீட்டுக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 38 எம்பிபிஎஸ்ஸுக்குச் சற்று மேல். ஈபான் எனும் வேறு வகை லைன் என்றால் அதில் பாதிகூட இல்லை. எல்லாரும் ஒரே வினாடியில் இழுப்பதில்லை என்பதால் இது பொதுவாகப் போதும். பெரும்பாலும் திணறுவது ஓ.எல்.டி.க்கு மேலே நீங்கள் வாங்கியிருக்கும் அப்லிங்க், அதாவது உங்கள் அலுவலகத்துக்கு வரும் மொத்த இணைய இணைப்பு. அது நிரம்பிவிட்டதென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேட்ச் கார்டை மாற்றி நாடகம் ஆட வேண்டாம், அப்லிங்கைக் கூட்டுங்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு, அகலப்பட்டை என்று சொல்லிக்கொள்வதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அது ஏட்டில் உள்ள தரை. நீங்கள் துண்டறிக்கையில் அச்சடித்த எண்ணைத்தான் வாடிக்கையாளர் கேட்கிறார்.

கடைசியாக நாங்கள் கேட்கும் தாள். தபால் அட்டை அளவு போதும். இணைப்பு கொடுத்த தேதி, பான் மீட்டரில் 1490-ல் கிடைத்த பவர், அந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய கணக்குப் பவர், ஓ.எல்.டி. பக்கம் வாசித்த பவர், எந்த போஸ்ட் எந்தக் கப்ளரின் எந்தக் கால், பெட்டி ரூட் மோடா பிரிட்ஜா, வி.லேன் எண், பயனர் பெயர், கிகாபிட் போர்ட் எது, லேன் கேபிளில் கணினி காட்டிய இணைப்பு வேகம், அதே கேபிளில் எடுத்த வேகச் சோதனை, உங்கள் தொலைபேசி எண். கடவுச்சொல்லை இதில் எழுத வேண்டாம், அதைத் தனியாக வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். கணக்குப் பவருக்கும் கிடைத்த பவருக்கும் 3 டிபிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கையெழுத்து வாங்காமல், காரணத்தைத் தேடிவிட்டு வாருங்கள். தாளைப் பெட்டியின் அடியில் ஒட்டினால் சூட்டில் பசை உருகி விழுந்துவிடும். கரண்ட் மெயின் போர்டு கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஒரு படி உங்கள் நோட்டிலும் இருக்கட்டும். அடுத்த முறை உங்கள் ஆள் வந்தாலும் எங்கள் ஆள் வந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வீட்டுக் கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர்கள் சிலர்